படத்தில் இருக்கும் அந்தத் தொப்பிக்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த அந்தக் கிண்டி குதிரைப் பந்தயப் படக் கண்காட்சியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. எனக்கு ஒரே ஒரு படத்தின் கீழே இருந்த வரிதான் ஆறவில்லை. கிண்டியில் ஜெயித்த குதிரை நிற்கிறது, மேலே ஜாக்கி, கடிவாளத்தைப் பிடித்தபடி ஓனர், கொஞ்சம் தள்ளி தலையில் தொப்பியும் கழுத்தில் பைனாகுலருமாக ஒரு மனிதர். கீழே குதிரை பெயர், ஓனர் பெயர், ஜாக்கி பெயர் எல்லாம் போட்டுவிட்டு, கடைசியில் ‘மற்றும் ஊழியர்’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஊழியர்தான் அந்தக் குதிரையைப் பழக்கித் தயார் செய்த டிரெய்னர். ஓடும் குதிரைகளின் விவரம் அச்சிட்ட ஒரு பழைய ரேஸ் புக்கைப் புரட்டியிருந்தால் பெயர் கிடைத்திருக்கும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் அப்பா அவரிடம் பதினாறு வருடம் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக இருந்தார். அவர் மகளிடம் கேட்டிருக்கிறேன், சரி என்று சொன்னதும் பெயரோடு எழுதுகிறேன். இப்போதைக்கு சார் என்றே சொல்கிறேன், அப்பா அப்படித்தான் கூப்பிடுவார்.

விடியற்காலை நாலரைக்கு லாயத்துக்கு வந்தால் சார் முதலில் குதிரையைப் பார்க்கமாட்டார், தீனித் தொட்டியைப் பார்ப்பார். அடியில் ஒரு பிடி ஓட்ஸ் மிச்சம் இருந்தாலும் அப்பாவைக் கூப்பிட்டு ராத்திரி என்ன நடந்தது என்று கேட்பார். அப்புறம் குனிந்து, முன்னங்காலின் பின்பக்கம் முழங்காலுக்குக் கீழே ஓடும் தசைநாணை மேலிருந்து கீழ் வரை புறங்கையால் தடவுவார். சூடு தெரிகிறதா என்று பார்க்கத்தான். பள்ளி விடுமுறையில் ஒருநாள் என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். எனக்கு இரண்டு காலும் ஒன்றாகத்தான் இருந்தது. ‘இடது கால் கொஞ்சம் சுடுதுப்பா, இன்னைக்கு வேலை வேணாம், நடத்திக் கூட்டிட்டு வா’ என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அடுத்த குதிரைக்குப் போய்விட்டார்.

அந்த இடது கால்தான் அவரைக் கவிழ்த்தது. அந்த வாரம் பெரிய ரேஸ். ஓட்டியே ஆகவேண்டும் என்று ஓனர் நின்றார், சார் குதிரையை வாபஸ் வாங்கிவிட்டார். பத்து நாளில் அந்த ஓனர் தன் குதிரைகளையெல்லாம் வேறு டிரெய்னரிடம் மாற்றிவிட்டார், அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். எட்டு மாதம் கழித்து அதே குதிரை கால் ஆறி வந்து ஜெயித்தபோது ரேஸ் புக்கில் இருந்தது இன்னொருவர் பெயர். டிரெய்னர்கள் மறைவது இப்படித்தான். முப்பது குதிரை இருபதாகி, எட்டாகி, நாலாகி, ஒருநாள் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள். யாருக்கும் தெரியாது.

‘ஓட்டுவது ஜாக்கி, பணம் போடுவது ஓனர், நடுவில் இவர் யார்?’ என்று கேட்பீர்கள். 1200 மீட்டர் ரேஸ் ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒன்றேகால் நிமிடம் ஜாக்கியுடையது, மறுக்கவில்லை. அதற்கு முந்தைய ஒன்றரை வருடம் யாருடையது? நான் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம், உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-இல் சட்டம் வந்து, வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1996-இல் இது வெறும் அதிர்ஷ்டம் இல்லை, திறமையின் ஆட்டம் என்று தீர்ப்பு வந்ததே, அதில் அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது குதிரையின் வேகமும் தாக்குப்பிடிக்கும் வலுவும் பயிற்சியால் வருகிறது என்பதுதான். இந்த ஆட்டத்துக்குச் சட்டப்படி உயிர் கொடுத்ததே டிரெய்னரின் வேலை. அவரைப் போய் ஊழியர் என்கிறீர்கள்.

அடுத்தது சூதாட்டம். ரேஸால் குடும்பங்கள் அழியவில்லையா என்றால், அழிந்தன. எங்கள் தெருவிலேயே ஒரு அண்ணன் சம்பளக் கவரைப் பிரிக்காமலேயே கவுண்டரில் கொடுத்துவிட்டு வருவார், அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு அரிசி கேட்டு வந்ததை நான் மறக்கவில்லை. அதற்கும் காலைத் தடவிப் பார்த்த மனிதருக்கும் என்ன சம்பந்தம்? குதிரையை வதைக்கிறார்கள் என்பவர்களுக்கு மேலே எழுதியதே போதும், மறுபடி படியுங்கள்.

இது கிண்டியோடு நிற்கிற விஷயமும் இல்லை. இங்கிலாந்தில் 1966 வரை பெண்களுக்கு டிரெய்னர் லைசென்ஸே கிடையாது. 1956-இல் அங்கே பெரிய பந்தயங்களில் ஒன்றான 2000 கினீஸை ஜெயித்த ஜில் டி ரெட்ஸ் என்ற குதிரையைத் தயார் செய்தவர் ஹெலன் ஜான்சன் ஹௌட்டன், ஆனால் புத்தகத்தில் ஏறியது லைசென்ஸ் வைத்திருந்த ஆணின் பெயர். ஃபுளோரன்ஸ் நேகல் என்ற அம்மா எழுபது வயதுக்கு மேல் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் அங்கே லைசென்ஸ் கொடுக்கும் ஜாக்கி கிளப் இறங்கி வந்தது, அதே 1966-இல் நோரா வில்மட் என்ற பெண் டிரெய்னர் தன் சொந்தப் பெயரிலேயே ஜெயித்தார். இந்தப் பெயர்களையெல்லாம் அங்கே யாரோ உட்கார்ந்து தேடி எழுதி வைத்ததால்தான் எனக்கே தெரியும். இங்கே? நம் நாட்டின் பெரிய பந்தயமான இந்தியன் டெர்பியைப் பலமுறை ஜெயித்த, ஸ்குவாண்டரர் மாதிரி ஒரு குதிரையைத் தயார் செய்த ரஷீத் பைராம்ஜியின் பெயரைச் சொன்னால் இளைஞர்கள் யாரென்று கேட்கிறார்கள். அவருக்கே இந்த நிலை என்றால் நாலு குதிரை வைத்திருந்தவருக்கு என்ன கிடைக்கும்?

2024 செப்டம்பரில் அரசுக்கு 730 கோடி வாடகை பாக்கி என்று கிண்டி ரேஸ் கிளப்புக்கு சீல் வைத்தபோது அதன் 160 ஏக்கர் நிலத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். நிலத்துக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. அங்கே குளம் வெட்டி வேளச்சேரியில் தண்ணீர் நிற்பது குறைந்தால் நல்லதுதான், நானும் அந்த வெள்ளத்தில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தவன். ஆனால் அந்த மண்ணில் விடியற்காலை நின்றவர்களின் பெயராவது மிஞ்ச வேண்டாமா? அப்பா கடைசி வரை ரயிலில் கிண்டி தாண்டும்போது எழுந்து கதவோரம் போய் நிற்பார். கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏன்பா என்று நான் சிடுசிடுத்திருக்கிறேன். அதை இப்போது நினைத்தால் தாங்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய மெட்ராஸ் ரேஸ் புக் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். டிரெய்னர் பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்தக் கண்காட்சியை அடுத்த மாதம் வேறு இடத்தில் வைக்கிறார்களாம், அதற்குள் அந்தப் படத்தின் கீழிருக்கும் அட்டையை மாற்றச் சொல்லி நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.