நடுவில் கிடக்கும் அந்த மூன்று வாரம்

"சரி, மூன்று வாரம் ஓடிவிட்டது. அடுத்த ஊருக்குக் கிளம்பலாம்." ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும்போது இந்த வரியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கதையை நடத்தும் டிஎம்மாக உட்கார்ந்து நானே சொன்னதும் உண்டு. இப்போதெல்லாம் சொல்வதில்லை.

ஒரு சாகசத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே கிடக்கும் நாட்களைத்தான் டவுன்டைம் என்கிறோம். பல குழுக்கள் அதைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. குகைக்குள் போனால் எல்லாரும் உயிர் பிழைக்கத்தான் பார்ப்பார்கள். கையில் கொஞ்சம் காசு, முன்னால் வேலையில்லாத ஒரு மாதம் என்று வரும்போதுதான் யார் எப்படிப்பட்டவர் என்று தெரியும்.

நாங்கள் தொடர்ந்து ஆடிவரும் கதையில், அதாவது எங்கள் கேம்பெய்னில், ட்வார்ஃப் கிளெரிக் (குள்ளர் இனத்துப் பூசாரி) ஒருவன் செத்துப்போனான். அவன் பையில் குள்ளர் மொழியான ட்வார்விஷில் எழுதிய ஒரு கடிதம் இருந்தது. விஸார்டாக, அதாவது மந்திரவாதியாக ஆடியவர், "ஒரே மந்திரத்தில் படித்துவிடலாமே" என்றார். ஃபைட்டராக, அதாவது போர்வீரராக ஆடிய தோழி, "வேண்டாம், நான் கற்றுக்கொண்டு படிக்கிறேன்" என்றாள். 2014-இல் வந்த விதிப்புத்தகப்படி ஒரு புது மொழி கற்க 250 நாள் வேண்டும், நாளுக்கு ஒரு பொற்காசு செலவு. ஒவ்வொரு ஓய்விலும் கேரக்டர் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஐந்தைந்தாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். எங்கள் கணக்கில் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கடைசிக் கோடு விழுந்த அன்று, முந்தின இரவு உட்கார்ந்து நான் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். மேஜையில் யாரும் பேசவில்லை. படித்து முடித்ததும் மடித்துத் தன் பகடைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

விதி மட்டும் இதைச் செய்துவிடாது. அதே புத்தகத்தில் ஒரு பொருளைச் செய்ய நாளுக்கு ஐந்து பொற்காசு மதிப்புக்குத்தான் வேலை நகரும். 1,500 பொற்காசு பெறும் பிளேட் கவசத்துக்கு 300 நாள். வெறும் கணக்காக நடத்தினால் யாருக்கும் அலுத்துப்போகும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 1985-இல் கிரெக் ஸ்டாஃபர்ட் உருவாக்கிய, இதே வகையைச் சேர்ந்த பென்ட்ராகன் என்ற விளையாட்டு. பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு சாகசம்தான், அப்புறம் குளிர்காலம். அந்தக் குளிர்காலத்தில் நிலத்தின் வருமானம், குதிரை, கல்யாணம், குழந்தை, முதுமை எல்லாவற்றுக்கும் பகடை உருளும். வீரன் இறந்தால் மகனை எடுத்து ஆடலாம். டவுன்டைமையே விளையாட்டின் முதுகெலும்பாக்கிய மனுஷர் அவர்.

மேஜையிலேயே எல்லாவற்றையும் நடத்த வேண்டும் என்றும் இல்லை. ஒருவர் கடைத்தெருவில் அரை மணி நேரம் பேரம் பேசினால் மற்ற நாலு பேரும் போனை எடுத்துவிடுவார்கள், அது நியாயம்தான். செஷன் முடிந்ததும் குழுவில் ஒரே ஒரு கேள்வி போடுகிறேன்: "ஆறு வாரம் இருக்கிறது, எங்கே இருப்பாய், யாரைப் பார்ப்பாய்?" வருகிற பதிலிலிருந்து ஆளுக்கு ஐந்து நிமிடக் காட்சி ஒன்று, அவ்வளவுதான்.

போன வாரமும் கேட்டேன். ஃபைட்டரிடமிருந்து இரவு பதினொரு மணிக்குப் பதில் வந்தது: "அவன் அம்மா இருக்கும் ஊருக்குப் போகிறேன். கடிதத்தை அவர்கள் மொழியிலேயே படித்துக்காட்ட வேண்டும்." சனிக்கிழமை அங்கிருந்துதான் தொடங்குகிறோம்.