சர்க்குலரில் கட்டணத்துக்கு மட்டும் தேதி, மற்றதெல்லாம் ‘பின்னர் அறிவிக்கப்படும்’

ஏப்ரல் மூன்றாம் வாரம் வந்துவிட்டால் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் விழும். பள்ளி அச்சடித்த சர்க்குலரை மேசைமேல் வைத்து, ட்யூப்லைட் வெளிச்சம் நடுவில் தெறிக்க, கோணலாக எடுத்த படம். அடுத்த ஆண்டின் முதல் தவணை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில், தவறினால் அபராதம் எவ்வளவு, எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். பள்ளி என்றைக்குத் திறக்கிறது? பின்னர் அறிவிக்கப்படும். புத்தகம் எப்போது தருவார்கள்? பின்னர். வேன் எத்தனை மணிக்கு? அதுவும் பின்னர். தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவற்றின் ஆண்டு இறுதிச் செய்தி இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. ஒரு வருடம் முழுக்கப் பிள்ளையை நம்பி ஒப்படைத்தவர்களுக்குக் கடைசியில் அனுப்புவது வசூல் நோட்டீஸா?

முதலில் தேதி. ரயிலில் முன்பதிவு 120 நாட்களாக இருந்தது 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களாகிவிட்டது. ஜூன் 1 அன்று ஊரிலிருந்து கிளம்ப வேண்டும் என்றால் ஏப்ரல் 2 காலையில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். நெல்லை, நாகர்கோவில் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு நாள் தாமதித்தாலும் காத்திருப்போர் பட்டியல்தான். கடைசித் தேர்வு என்றைக்கு, உத்தேசமாக எப்போது திறப்பு என்பதை மார்ச் மாதத்திலேயே சொல்லாவிட்டால், ஏப்ரல் கடைசியில் சொல்லி யாருக்கு என்ன பயன்?

“அரசு சொல்லாமல் நாங்கள் எப்படிச் சொல்வது” என்பார்கள். உண்மைதான், வெயில் பார்த்துத் தேதி மாறும். 2023-ல் ஜூன் 1-க்கு இருந்தது ஜூன் 7 ஆகி, பிறகு 6 முதல் 12 வரையான வகுப்புகளுக்கு ஜூன் 12, 1 முதல் 5 வரை ஜூன் 14 என்று போனது. 2024-ல் ஜூன் 6 என்றது ஜூன் 10-க்குத் தள்ளிப்போனது. மாறும் என்று தெரிந்த விஷயத்தை மாறும் என்றே எழுதலாமே! “இப்போதைய அறிவிப்பின்படி இந்தத் தேதி, மாறினால் மே மாதக் கடைசி வாரத்தில், இந்த எண்ணிலிருந்து, மாலை 6 மணிக்குள் குறுஞ்செய்தி வரும், அதுவரை வேறு எந்தச் செய்தியையும் நம்ப வேண்டாம்.” இதை எழுத இரண்டு வரி போதும். எழுதாததால்தான் டிவியில் ஓடிய ஒரு வரியை எவரோ படம் பிடித்துப் போட, போன வருடத்து அறிவிப்பை வேறொருவர் ஃபார்வர்டு செய்ய, பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு குழு முழுக்க “நாளைக்கு ஸ்கூல் உண்டா?” என்ற கேள்வியாகவே நிறைகிறது.

அந்த வாட்ஸ்அப் படத்திலும் வெளியிட்ட தேதி இருக்காது, சுற்றறிக்கை எண் இருக்காது. திருத்தம் வந்தால் முந்தையது ரத்து என்று ஒரு வார்த்தை இருக்காது. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று எவருக்கும் தெரியாது. அதைவிடக் கொடுமை, முழுவதும் ஆங்கிலம். பிள்ளையை ஆங்கில வழியில் படிக்க வைப்பதாலேயே தாய்க்கும் தாத்தாவுக்கும் ஆங்கிலம் வந்துவிடுமா? வீட்டில் ஏழாம் வகுப்புப் பிள்ளைதான் சர்க்குலரை வாசித்துச் சொல்கிறது. கட்டண விவரத்தையும் அபராதத்தையும் அந்தக் குழந்தையின் வாயால் கேட்க வைக்கிறீர்கள். தாளின் பின்பக்கம் தமிழில் அடிக்க எவ்வளவு செலவாகும்?

கட்டணத்துக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அரசின் கட்டண நிர்ணயக் குழு நிர்ணயிக்கும் தொகை மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். அந்த உத்தரவின் எண்ணையும், வகுப்புவாரித் தொகையையும் சர்க்குலரில் போடுங்கள் என்றால் ஏன் கை நடுங்குகிறது? “இதரக் கட்டணம்” என்று ஒற்றை வரியில் கல்விக் கட்டணத்துக்கு இணையான ஒரு தொகை உட்கார்ந்திருக்கும். ஸ்மார்ட் கிளாஸா, ஆண்டு விழாவா, கராத்தேயா, எதற்கு என்று தெரியாது. ரசீதோ வேறொரு அறக்கட்டளையின் பெயரில். இதனால் நேரடி நஷ்டம் உண்டு. பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்கள் வருமானத்தில் கழித்துக்கொள்ளக் கூடியது கல்விக் கட்டணத்தை மட்டும்தான். வேன், சாப்பாடு, நன்கொடை எதுவும் சேராது. எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்ட ரசீதை வேலை பார்க்கும் அலுவலகத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்குப் பிள்ளைகள் கல்விப்படி வாங்கத் தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட படிப்புச் சான்று வேண்டும். அதைக் கல்வியாண்டு முடிந்த கையோடு வாங்கப் போனால் பள்ளி அலுவலகம் பூட்டிக் கிடக்கும். ஏப்ரலில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, யாரிடம் வாங்கலாம் என்று ஒரு வரி போட்டால் நூறு பேரின் அலைச்சல் மிச்சம்.

நோட்டுப் புத்தகம், சீருடை விஷயத்தில் இன்னும் கோபம் வருகிறது. ‘செட்’ என்று மொத்தமாகக் கட்டிக் கொடுக்கிறார்கள், பட்டியல் கிடையாது. 192 பக்கக் கோடு போட்ட நோட்டு எத்தனை, கோடு போடாதது எத்தனை, நாலு கோடு எத்தனை, எந்தப் பாடத்துக்கு எது என்று எழுதிக் கொடுத்தால் போன வருடம் பாதி எழுதாமல் மிஞ்சியதைப் பயன்படுத்தலாம். சமச்சீர்ப் பாடநூல்கள் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விடுமுறையில் புரட்டிப் பார்க்க அந்தத் தகவலாவது தரக் கூடாதா? சீருடைக்கு ஏப்ரலில் அளவெடுக்கிறார்கள். 11 முதல் 14 வயதுக்குள் இருக்கிற பிள்ளை இரண்டு மாதத்தில் கண்ணெதிரே வளரும். பேன்ட்டின் கீழ் மடிப்பில் இரண்டு அங்குலம் துணி விடச் சொன்னால், “ரெடிமேட் சார், மாற்ற முடியாது” என்று பதில். சீருடையின் நிறத்தை மாற்றுவதாக இருந்தால் அதை ஒரு வருடம் முன்பே சொல்ல வேண்டும். அண்ணனின் சட்டையைத் தம்பி போடுவது வறுமை இல்லை, சிக்கனம். அந்தச் சிக்கனத்தைக் கெடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் டிசி, அதாவது மாற்றுச் சான்றிதழ். இதைப் பற்றி ஒரு சர்க்குலரும் வாய் திறப்பதில்லை. தாளில் டிசி கொடுத்தால் மட்டும் வேலை முடியாது. மாணவர் விவரங்களைக் கல்வித் துறை வைத்திருக்கும் எமிஸ் தளத்தில் பழைய பள்ளி அந்த மாணவரைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்து, ‘காமன் பூல்’ என்ற பொதுப் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும்; அங்கிருந்துதான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். டிசி கையில் இருக்கும், பெயர் மட்டும் பழைய பள்ளியிலேயே கிடக்கும். ஜூனில் புதிய பள்ளி “உங்கள் பையன் இன்னும் அங்கேதான் காட்டுகிறான்” என்று திருப்பி அனுப்பும். பழைய பள்ளியில் எமிஸ் பார்க்கிறவர் விடுப்பில் இருப்பார். டிசி கொடுக்கும் அன்றே காமன் பூலில் போட்டுவிட்டு, எமிஸ் எண்ணையும் எழுதிக் கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா?

பாக்கி இருக்கிறது என்று டிசியைப் பிடித்து வைப்பது தனிக் கொடுமை. கட்டண பாக்கி என்று டிசியில் எழுதக் கூடாது, டிசி வசூலுக்கான ஆயுதம் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 8-ஆம் வகுப்புக்குள் அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறும் பிள்ளைக்கு டிசியை உடனே கொடுக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. டிசி தாமதமானது என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. இந்த இரண்டையும் எந்தப் பள்ளி தன் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது?

9-ஆம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளின் வீட்டுக்குப் போக வேண்டிய ஒரு தாள் உண்டு, பெரும்பாலும் போவதே இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப்பட்டியல் எமிஸில் இருக்கும் விவரத்தை வைத்துத்தான் தயாராகிறது. பெயர், இனிஷியல், பிறந்த தேதி, தாய் தந்தை பெயர், தமிழிலும் ஆங்கிலத்திலும். அதை அப்படியே அச்செடுத்து, “சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்” என்று விடுமுறைக்கு முன்பே கொடுத்தால் ஆதாரோடும் பிறப்புச் சான்றோடும் ஒப்பிட்டுத் திருத்த இரண்டு மாதம் கிடைக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பள்ளியில் ஓரெழுத்து இனிஷியல். ஓரிடத்தில் ‘ழ’, இன்னோரிடத்தில் ‘ல’. மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு இதைத் திருத்த பள்ளி, கல்வி அலுவலகம், தேர்வுத் துறை என்று படியேற வேண்டும். 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் கோடை விடுமுறைதான் தோதான நேரம். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் தேவைப்படும். இ-சேவையில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய்தான். ஆனால் தேர்வு முடிவு வந்த வாரத்தில் ஊரே விண்ணப்பிக்கும், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையிலும் தேங்கும். மார்ச்சிலேயே வாங்கி வையுங்கள் என்று சொல்வது பள்ளியின் கடமை இல்லையா?

ஆனால் சிறப்பு வகுப்புக்கு மட்டும் சர்க்குலர் தவறாமல் வந்துவிடும். கோடையில் வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித் துறை ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. “விருப்பமுள்ளவர்கள் வரலாம்” என்று எழுதிவிட்டு வருகைப் பதிவு எடுக்கிறீர்கள், வராத பிள்ளையை ஜூனில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கிறீர்கள். அக்னி நட்சத்திரத்தில், வேன் ஓடாத மாதத்தில், பதினைந்து வயதுப் பிள்ளை பகல் ஒரு மணிக்குச் சைக்கிளில் வீடு திரும்ப வேண்டுமா? போதாததற்குச் சின்ன வகுப்புகளுக்குத் தெர்மோகோல் ப்ராஜெக்ட். அதைச் செய்வது அம்மா, அச்செடுத்துக் கொடுப்பது பிரவுசிங் சென்டர்.

மே மாதம் பள்ளி வாகனங்களுக்குச் சோதனை நடக்கிறது. 2012-ல் வந்த சிறப்பு விதிகளின்படி அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் பார்க்கப்படும். எந்த வண்டி தேறியது, எங்கள் நிறுத்தத்துக்கு வரும் வண்டி எண் எது, உதவியாளர் யார் என்று ஜூன் முதல் நாளுக்கு முன்பே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அந்தச் சர்க்குலரில் எழுதுங்கள்: உங்கள் ஆசிரியர்களுக்கு மே மாதச் சம்பளம் உண்டா, இல்லையா? பல பள்ளிகளில் பெற்றோரிடம் முழு ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஆசிரியருக்குப் பத்து மாதமோ பதினோரு மாதமோதான் கொடுக்கிறார்கள். அதே மே வெயிலில் அவர்களையே நோட்டீஸ் கட்டோடு தெருத் தெருவாகச் சேர்க்கைக்கு அனுப்புகிறார்கள். ஜூனில் பாதிப் பேர் வேறு பள்ளிக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகளுக்குப் புது முகங்கள், பாதியில் விட்ட பாடங்கள். நாங்கள் கட்டும் பணத்தில் டீச்சரின் மே மாதச் சம்பளம் இருக்கிறதா என்று கேட்க எங்களுக்கு முழு உரிமை உண்டு. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதற்கான பதிலை எழுத்தில் கொடுங்கள், பள்ளி முத்திரையோடு, தமிழில்.