கட்-ஆஃப் 85னு போட்டுட்டு 99 வாங்குனவனைத் திருப்பி அனுப்புறதுக்குப் பேர் என்ன?

நேத்து நைட்டு சித்தப்பா ஃபோன் பண்ணாரு. "ஏன்டா தம்பி, நூத்துக்கு 99 வாங்கியிருக்கியாமே, அப்புறமும் சீட்டு தரலன்னா என்னடா அர்த்தம், வேற ஏதாவது தப்பு பண்ணியா"ன்னு கேட்டாரு. அவர் மேல கோவமே வரல. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நானும் ஒரு மாசமா அதேதான் கேட்டுட்டு இருக்கேன், பதில் சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல.

99 மார்க் இல்ல சித்தப்பா, பர்சன்டைல்னு ஆரம்பிச்சேன். ஐஐஎம் மாதிரி மேனேஜ்மென்ட் காலேஜ்ல எம்.பி.ஏ. சேர எழுதுற கேட் (CAT) எக்ஸாம்ல நூத்துக்கு இவ்ளோன்னு மார்க் கிடையாது, எழுதுனவங்கள்ல எத்தனை பேர் நமக்குக் கீழ இருக்காங்கங்கிறதுதான் கணக்கு, 2024 நவம்பர் 24ஆம் தேதி கிட்டத்தட்ட 2.93 லட்சம் பேர் எழுதுனாங்க, அதுல எனக்கு 99.12 வந்திருக்கு, அப்படின்னா எனக்கு மேல ரெண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல இருக்காங்கன்னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரி, அப்ப எவ்வளவு வாங்கணும்னு முன்னாடியே சொல்லியிருப்பாங்கல்ல?"ன்னாரு.

அங்கதான் சித்தப்பா எனக்கு வயிறு எரியுது. சொல்லல. சொன்னது வேற, நடந்தது வேற.

பழைய ஐஐஎம்கள்ல சிலதோட அட்மிஷன் பேஜைத் திறந்து பாருங்க. ஜெனரல் கேட்டகிரிக்கு ஓவரால் 85 பர்சன்டைல், செக்‌ஷன் ஒவ்வொண்ணுலயும் 75, 80னு கட்டம் கட்டிப் போட்டிருக்கும். இங்கிலீஷ் செக்‌ஷனுக்கு ஒண்ணு, டேட்டா லாஜிக்குக்கு ஒண்ணு, மேத்ஸுக்கு ஒண்ணுன்னு அழகா டேபிள். கீழ பொடி எழுத்துல, இது குறைந்தபட்சத் தகுதி மட்டும்தான், இது இருந்தா இன்டர்வியூக்குக் கூப்பிடுவோம்னு அர்த்தம் இல்லைன்னு ஒரு வரி. அந்த டேபிளை நம்பி, வேலைக்குப் போயிட்டு வந்து நைட்டு பத்து மணிக்குப் படிக்க உக்காருற ஒருத்தன் என்ன நினைப்பான்? 85 தானே, 90 வாங்கிட்டா சேஃப், 95 வாங்கிட்டா நிச்சயம்னுதான் நினைப்பான். நானும் அப்படித்தான் நினைச்சேன், முதல் வருஷம். என்னை மாதிரி ஜெனரல்ல வர்ற இன்ஜினியரிங் படிச்ச பையனுக்கு அந்த இடத்துல 99க்கு மேல போனாதான் பேச்சே ஆரம்பிக்குது, சில இடத்துல 99.5 கூடப் பத்தலன்னு தெரிஞ்சுக்கிறதுக்கே எனக்கு ஒரு வருஷம் போயிடுச்சு, அதையும் அந்தக் காலேஜ் சொல்லி நான் தெரிஞ்சுக்கல, முன்னாடி எழுதி அடிபட்டவங்க சொல்லித்தான் தெரிஞ்சது.

நம்ம ஊர்ல கட்-ஆஃப்ங்கிற வார்த்தைக்கு ஒரு அர்த்தம் இருக்குங்க. நான் பன்னிரண்டாவது முடிச்சது 2016, அப்போ 1200 மார்க். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு மேத்ஸ் நூத்துக்கு, ஃபிசிக்ஸ் அம்பதுக்கு, கெமிஸ்ட்ரி அம்பதுக்குன்னு மாத்தி 200க்குக் கணக்குப் போடுவோம். எனக்கு 191.25. ரிசல்ட் வந்த அன்னைக்கே அப்பா பழைய கேலண்டர் அட்டைக்குப் பின்னாடி போன வருஷம் எந்த காலேஜ், எந்த பிராஞ்ச், எவ்வளவுல முடிஞ்சதுன்னு எழுதி வச்சுட்டாரு. ரெண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தா மேத்ஸ் மார்க், அப்புறம் ஃபிசிக்ஸ் மார்க்குன்னு பாத்துட்டே போயி கடைசில ரேண்டம் நம்பர் வரைக்கும் விதி இருக்கும். ரேங்க் லிஸ்ட் வெளிய வரும். அந்தக் கவுன்சிலிங்லயும் ஆயிரம் குறை இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா எங்க அப்பா மாதிரி காலேஜ் வாசலையே மிதிக்காத மனுஷன் ஒரு பேனாவை வச்சு அவர் பையனுக்கு எந்த காலேஜ் கிடைக்கும்னு கிட்டத்தட்ட சரியாச் சொன்னாரு. நான் பி.ஈ. படிச்சவன், நாலு வருஷம் வேலை பாத்தவன், மூணு மாசமா எக்செல்ல போட்டுப் பாக்குறேன், எனக்கு இன்டர்வியூ கால் வருமா வராதான்னு கண்டுபிடிக்க முடியல. அப்போ எது படிச்சவங்க நடத்துற அட்மிஷன்?

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, அதுதான் என்னை ரொம்ப வதைச்சது.

கேட் ஸ்கோர் மட்டும் பாக்க மாட்டாங்க. பத்தாவது மார்க், பன்னிரண்டாவது மார்க், டிகிரி மார்க், வேலை அனுபவம் எல்லாத்துக்கும் வெயிட்டேஜ். சரி, ஒரே ஒரு நாள் எழுதுற ரெண்டு மணி நேரப் பரீட்சையை மட்டும் வச்சு ஒருத்தனை எடை போடக் கூடாதுன்னு சொல்றாங்க, அது எனக்கும் ஒத்துக்கக்கூடிய வாதம்தான். ஆனா எப்படிப் போடுறாங்கன்னு கேளுங்க. ஒரு பழைய ஐஐஎம்ல, பேர் வேண்டாம், பத்தாவது சதவீதம் 80க்கு மேல 90 வரைக்கும் இருந்தா 8 பாயின்ட், 90ஐத் தாண்டினா 10 பாயின்ட். 80.2 வாங்குனவனுக்கும் 90 வாங்குனவனுக்கும் ஒரே 8. 90.2 வாங்குனவனுக்கு 10.

நான் பத்தாவதுல வாங்குனது 500க்கு 449. அதாவது 89.8 சதவீதம். இன்னும் ரெண்டே ரெண்டு மார்க் இருந்திருந்தா 451, அடுத்த கட்டம்.

அந்த ரெண்டு மார்க் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். மேத்ஸ் பேப்பர்ல கடைசில பத்து மார்க் கிராஃப் வரும். புள்ளி எல்லாம் சரியா வச்சேன், வளைவைப் பென்சில்ல இழுத்து ரெண்டாவது தடவை மெதுவா அழுத்தி வரைஞ்சேன், எக்ஸ் அச்சு ஒய் அச்சு பேர் எழுதுனேன், தீர்வு எழுதிக் கட்டம் போட்டேன். வலது பக்கம் மேல் மூலைல ஸ்கேல் எழுதணும், எக்ஸ் அச்சில் 1 செ.மீ. இவ்வளவு அலகுன்னு. அதை எழுதல. மெயின் ஷீட்டோட கிராஃப் ஷீட்டை நூல்ல கட்டிக் குடுத்துட்டு வெளிய வந்து சைக்கிள் ஸ்டாண்ட் கிட்ட நிக்கும்போது ஞாபகம் வந்துச்சு, அப்படியே வயித்துக்குள்ள ஏதோ விழுந்த மாதிரி இருந்துச்சு. மேத்ஸ்ல 98 வந்தப்ப வீட்ல எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, எங்க மேத்ஸ் மிஸ் மட்டும் "ஸ்கேல் போடலதானே"ன்னு கேட்டாங்க.

பதினஞ்சு வயசுல ஒரு பையன் கிராஃப் ஷீட் மூலைல ஒரு வரி எழுத மறந்தான். பத்து வருஷத்துக்கு அப்புறம் அவன் ரெண்டே முக்கால் லட்சம் பேருக்கு மேல தாண்டி வந்து நிக்கிறான், அப்பவும் அந்த வரி வந்து குறுக்க நிக்குது. நான் இனிமே எவ்வளவு வேணா படிக்கலாம், கேட் திரும்ப எழுதலாம், வேலைல ப்ரமோஷன் வாங்கலாம், அந்த 449ஐ மட்டும் மாத்தவே முடியாது. திருத்திக்கவே முடியாத ஒரு விஷயத்தை வச்சு ஒருத்தனை வருஷா வருஷம் எடை போடுறது எந்த ஊர் நியாயம்? சரி, போடுறதுன்னா புள்ளி புள்ளியா ஏத்துங்க, 89.8க்கு 90.2ஐ விட ஒரு துளி கம்மியாக் குடுங்க, நான் வாயே திறக்க மாட்டேன். ரெண்டு மார்க்குக்கு ஒரு மதில் சுவரைக் கட்டி வைக்கிறதுதான் எனக்குப் புரியல. அதுவும் நாடு முழுக்க எத்தனை போர்டு, ஒவ்வொரு போர்டுலயும் பேப்பர் திருத்துற கை வேற, ஒரு போர்டுல 95ங்கிறது சாதாரணம், இன்னொண்ணுல அது அபூர்வம்.

இதைச் சொன்னதும் சில பேர் உடனே ரிசர்வேஷன் பக்கம் திருப்புவாங்க. வேண்டாம். அதுக்கு நான் ஆள் இல்ல. இந்த மண்ணுல வளர்ந்தவனுக்கு அது எதுக்கு வந்துச்சுன்னு தெரியும். பொண்ணுங்களுக்கு எக்ஸ்ட்ரா பாயின்ட் குடுக்குறாங்கன்னு பொருமுறவங்களையும் எனக்குப் பிடிக்காது, கிளாஸ்ல பத்துப் பேர்ல ஏழெட்டுப் பேர் இன்ஜினியர் பசங்களாவே இருந்தா அது என்ன கிளாஸ். யாருக்கு எவ்வளவு குடுக்குறீங்கங்கிறது என் சண்டை இல்ல. குடுக்குறதை எல்லாம் குடுத்துட்டு என் வரிசைல மிச்சம் இருக்கிற இடத்துக்கு நிஜமாவே எவ்வளவு வேணும்னு முன்னாடியே சொல்லிடுங்க, அதான் சண்டை.

சொல்லாம இருக்கிறதால யாருக்கு லாபம்னு பாருங்க. 2024ல கேட் ஃபார்ம் ஃபீஸ் 2500 ரூபாய். கேட் மட்டும் நம்பினா ஆபத்துன்னு எக்ஸ்ஏடி, ஸ்னாப், என்மேட்னு மத்த எம்.பி.ஏ. பரீட்சை ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாக் கட்டணும், எனக்கு மட்டும் இந்த சீசன்ல பரீட்சை ஃபீஸும் மாக் டெஸ்ட்டும் சேர்த்துப் பதினஞ்சாயிரத்துக்கு மேல போச்சு. கோச்சிங் தனிக்கணக்கு. கால் வருமா வராதான்னு காலேஜ் சொல்லாததால கோச்சிங் ஆளுங்க "கால் பிரடிக்டர்"னு ஒண்ணு வச்சிருக்காங்க, உள்ள போனா முதல்ல மொபைல் நம்பர் கேக்கும். குடுத்தேன். எனக்கு ஏழு இடத்துல கால் வரும்னு பச்சைக் கலர்ல காட்டுச்சு. அதுக்கப்புறம் ஒரு வாரம் ஃபோன் ஓயல, இன்டர்வியூ பேக்கேஜ் எடுத்துக்கோங்க சார், இன்னைக்கு மட்டும் டிஸ்கவுண்ட் சார்னு. ஆஃபீஸ் மீட்டிங்ல இருக்கும்போது கூட விடல. அந்த ஏழுல எனக்கு வந்தது ரெண்டு. ரெண்டும் புதுசா வந்த ஐஐஎம்கள் சேர்ந்து நடத்துற பொது இன்டர்வியூ வழியா வந்தது, அதுக்கு நன்றியோடதான் போகப் போறேன். மத்த அஞ்சு இடத்தை நம்பி நான் நோட்டிஸ் பீரியட் பத்தி மேனேஜர்கிட்ட பேசித் தொலைச்சிருந்தேன், இப்ப அந்த ஆள் என்னை எந்த ப்ராஜெக்ட்லயும் சேர்க்க யோசிக்கிறாரு.

என்னை விடுங்க. என் கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி ஓவரால் 99க்கு மேல, டேட்டா லாஜிக் செக்‌ஷன்ல மட்டும் 73 சொச்சம். 40 நிமிஷம், அஞ்சு செட், 22 கேள்வி. முதல்ல எடுத்த செட்டுல பதினஞ்சு நிமிஷம் மாட்டிக்கிட்டா. டைம் முடிஞ்சா அந்த செக்‌ஷன் தானா மூடிக்கும், மத்ததை சீக்கிரம் முடிச்சிட்டுத் திரும்ப வரலாம்னா முடியாது. ஒரே ஒரு தப்பான செட். 75ங்கிற அந்த செக்‌ஷன் கட்-ஆஃப் மட்டும் நூல் பிடிச்ச மாதிரி அப்படியே அமலாகுது பாருங்க, அதுல ஒரு புள்ளி கூட விட்டுக்கொடுக்கல. கீழே தள்ளுறதுக்குன்னா போட்ட நம்பர் நம்பர்தான். உள்ள விடுறதுக்குன்னு வந்தா மட்டும் போட்ட நம்பருக்கு மதிப்பே இல்ல. இதை அவகிட்ட சொன்னப்ப அவ ஒண்ணும் பேசல, ஸ்கோர் கார்டை நாலா மடிச்சு பைல வச்சுக்கிட்டா.

திரும்ப எழுதுன்னு எல்லாரும் சுலபமா சொல்றாங்க. கேட் ஸ்கோர் ஒரு வருஷ அட்மிஷனோட செத்துடும். ஜிமேட்னு இன்னொரு எம்.பி.ஏ. பரீட்சை எழுதுனவனுக்கு அஞ்சு வருஷம் செல்லும், எனக்கு அடுத்த டிசம்பரோட முடிஞ்சது. திரும்ப நவம்பர் வரைக்கும் சனி ஞாயிறு மாக், நைட்டு ரெண்டு மணி, கல்யாணம் காட்சி எதுக்கும் போகாம, அம்மா ரூம் வாசல்ல டம்ளரை வச்சுட்டு சத்தமில்லாம போற அந்த ஒரு வருஷத்தை யார் கணக்குல எழுதுறது?

ஜூலை கடைசில அடுத்த நோட்டிஃபிகேஷன் வரும், ஆகஸ்ட்ல ஃபார்ம் திறக்கும், லட்சக்கணக்குல புள்ளைங்க அந்த டேபிளைப் பாத்து 85ஐ வட்டம் போட்டுட்டு ஆரம்பிப்பாங்க. நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. அந்த 85க்குப் பக்கத்துலயே இன்னொரு கட்டம் போடுங்க. போன வருஷம் இந்தக் கேட்டகிரில, இந்த டிகிரில, இந்தப் பத்தாவது பன்னிரண்டாவது மார்க் இருந்தவங்கள்ல கடைசியா நாங்க கூப்பிட்ட ஆளோட பர்சன்டைல் இவ்வளவு. எல்லா ஐஐஎம்மும், ஒரே பேஜ்ல, ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி. டேட்டா உங்ககிட்டதான் இருக்கு, அதை வச்சுத்தானே எங்களை வடிகட்டுறீங்க. எங்க அப்பா கேலண்டர் அட்டைல எழுதுன அளவுக்கு எழுதுனாப் போதும்.