ஸ்கேன் செய்தாகிவிட்டது என்று ஆல்பத்தை எடைக்குப் போடுகிறவர்களுக்கு

ஒரு தம்பி தன் தாத்தா ஆல்பத்திலிருந்து, தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய இர்வின் கப்பலின் பழைய படத்தை ஸ்கேன் செய்து, வண்ணமேற்றி இணையத்தில் போட்டார். நேற்றிலிருந்து அதைப் பற்றித்தான் பேச்சு. அங்கே நடந்த சண்டையை மறுபடி விளக்கப் போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் அங்கே கேட்டது ஒரே ஒரு கேள்வி. "மூலப் படம் எங்கே இருக்கிறது தம்பி, அதன் பின்பக்கத்தைப் பார்க்க முடியுமா?" வந்த பதில்: "அதான் ஸ்கேன் பண்ணியாச்சே அண்ணே. ஆல்பம் செல்லரிச்சுப் போயிருந்தது, பழைய பேப்பரோட எடைக்குப் போட்டாச்சு." அதன் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அப்புறம் ஒருவர், "பின்பக்கத்தில் என்ன புதையலா இருக்கு?" என்று கேட்டிருந்தார்.

இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். ஏஐ கொண்டு வண்ணமேற்றிய படத்தை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்துவிட்டார்கள். ஸ்கேன் செய்த கறுப்பு வெள்ளைப் படம் கீழே ஒரு கமெண்டில், கட்டைவிரல் அளவில் கிடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் மூட்டை முடிச்சோடு நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் ஒரு அம்மாள் முக்காட்டை இழுத்துப் பிடித்திருக்கிறார். வண்ணப் படத்தில் அந்த முகம் வேறு யாருடையதோ. கண் பெரிதாகி, மூக்கு கூர்மையாகி, இளம்பெண்ணாகிவிட்டார். பக்கத்தில் நின்ற சிறுவனைக் காணவே காணோம், அந்த இடத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. கப்பல் முகப்பில் இருந்த எழுத்துகள் எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கலாகிவிட்டன. புகைபோக்கி சிவப்பாம். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து அது சிவப்பு என்று எப்படித் தெரிந்தது? கீழ் ஓரத்தில் வெள்ளை மையில் ஓர் எண்ணும், ஸ்டூடியோவின் பெயர் போல ஏதோ ஒன்றும் இருந்திருக்கின்றன. அந்த ஓரத்தையே வெட்டிவிட்டார்கள். அந்த எண் இருந்தால் எடுத்தவர் யார், அதே நாளில் எடுத்த மற்ற படங்கள் எங்கே என்று தேடத் தொடங்கியிருக்கலாம்.

மேலே தலைப்பு வேறு: "தனுஷ்கோடி, 22 டிசம்பர் 1964, கடைசிக் கப்பல்." யார் சொன்னது? அந்த ராத்திரி புயல் தனுஷ்கோடியை, ரயிலோடும் துறையோடும் சேர்த்து அழித்தது எல்லோருக்கும் தெரியும். அதற்காகத் தனுஷ்கோடிக் கப்பல் படம் எது கிடைத்தாலும் அந்தத் தேதியைப் போட்டுவிடுவதா? அங்கே ஐம்பது வருடம் கப்பல் ஓடியது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்து, சென்னையிலிருந்து தனுஷ்கோடித் துறை வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று ஒரே பயணமாக இணைத்தார்கள். முதலில் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்களின் பெயரில் நீராவிக் கப்பல்கள். அப்புறம்தான் இர்வினும் கோஷனும். இர்வின் வைசிராய், கோஷன் சென்னை மாகாண கவர்னர், இருவரும் 1920களின் ஆட்கள். அப்படியானால் இந்தப் படம் 30களிலோ, 40களிலோ, 50களிலோ, எப்போது வேண்டுமானாலும் எடுத்ததாக இருக்கலாம். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்பக்கத்தைப் பார்த்துத்தான்!

நிறையப் பேருக்கு இது தெரியாது என்பதால் சொல்கிறேன். அந்தக் காலத்தில் படத்தைத் தபால் அட்டைத் தாளிலேயே அச்சிடுவது வழக்கம். அந்த அட்டையின் பின்புறம் தபால்தலை ஒட்டும் கட்டத்தில் தாள் கம்பெனியின் பெயர் இருக்கும். 'அஸோ' தாள் என்றால் கட்டத்தின் நான்கு மூலையிலும் சிறு முக்கோணங்கள் இருக்கும். நான்கும் மேல்நோக்கி இருந்தால் 1918க்கு முன், இரண்டு மேலும் இரண்டு கீழும் என்றால் அதற்குப் பின் என்று ஏறத்தாழ காலம் சொல்லிவிடலாம். சாதாரணத் தாளாக இருந்தாலும் வழி உண்டு. கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கு இருக்கிறதல்லவா, அதை இருட்டில் காட்டிப் பாருங்கள். 1950களில் இருந்துதான் புகைப்படத் தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அந்தத் தாள் அதற்கு முந்தையது அல்ல. ஸ்கேன் கோப்பில் விளக்கை அடித்து என்ன பார்ப்பது? ஆல்பத்தில் அதற்கு முன்னும் பின்னும் என்ன படங்கள் இருந்தன, கீழே யார் கையெழுத்தில் என்ன எழுதியிருந்தது, எல்லாம் போய்விட்டது. கையில் மிஞ்சியிருப்பது எந்த ஊர், எந்த வருடம், யார் வீடு என்று எதுவும் தெரியாத ஒரு படம். எந்தத் தேதியை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். போட்டும் விட்டார்கள்.

நான் இவ்வளவு கோபப்படுவதற்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. சில பேருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் அம்மா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பிறந்தவர். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று முடிவு செய்தார்களே, அந்தக் கணக்கில் வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை. 1978இல் கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் வந்து, அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் வந்தார்கள். அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. தலைமன்னார் துறையில் கப்பலேறக் காத்திருந்தபோது மாமா ஒருவர் எடுத்த படம்தான் எங்கள் குடும்பத்தில் அந்தப் பயணத்துக்கு இருக்கும் ஒரே சாட்சி. அம்மாயி, தாத்தா, மாமா வீட்டு அத்தை, அம்மா, அம்மாவை இடுப்பில் தூக்கி வைத்திருக்கும் ஓர் இளம்பெண். பின்னால் கப்பலின் ஒரு பக்கம் மட்டும் தெரியும்.

அந்தப் பெண் பக்கத்து லயத்துக்காரர். கோச்சியில் அழுதுகொண்டே வந்த அம்மாவைக் கப்பல் ஏறும்வரை இறக்கிவிடாமல் தூக்கி வந்தாராம். இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் ஆளுக்கொரு திசையாகப் பிரித்து அனுப்பினார்கள். நாங்கள் கோத்தகிரி பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தோம். அவர் குடும்பம் எங்கே போனது என்று தெரியாது. அம்மாவுக்கு அவர் "அக்கா", அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பேர் எதற்கு?

பேர் படத்தின் பின்னால் இருந்தது. மாமா நீல மையில், இடமிருந்து வலமாக, ஐந்து பேரின் பெயரும் தேதியும் எழுதியிருந்தார்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு கண்காட்சிக்கு அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினார்கள். எந்த அமைப்பு என்று சொல்லப் போவதில்லை, நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்கள். திரும்பி வந்தபோது படம் ஒரு கனத்த அட்டையில் பசை போட்டு ஒட்டப்பட்டு, மேலே லேமினேஷன் செய்யப்பட்டிருந்தது. "இனி அம்பது வருசத்துக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்றார்கள். பிரித்துப் பார்க்க முயன்றேன். ஓரத்தில் ஒரு நகத்தளவு கிழிந்து வந்ததும் கை நடுங்கி விட்டுவிட்டேன். கொடுக்கும் முன்பே நான் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். முன்பக்கம் மட்டும். முகங்கள் எல்லாம் தெளிவாக வந்துவிட்டதே, போதும் என்றுதான் நானும் அன்று நினைத்தேன். மாமா இல்லை, அத்தை இல்லை, அம்மாயியும் தாத்தாவும் இல்லை. இப்போதும் அம்மா சில நேரம் கேட்பார்: "அந்த அக்கா பேரு என்னன்னு போட்டிருந்துச்சு?" சின்ன வயதில் எத்தனையோ தடவை படித்த பெயர். எனக்கு ஞாபகம் வரவில்லை.

அதனால்தான் பின்பக்கத்தைக் கேட்டேன் தம்பி. பிழை கண்டுபிடித்துப் பெயர் வாங்குவதற்காகக் கேட்கவில்லை.

சரி, அங்கே மற்றவர்கள் சொன்னவற்றுக்கும் இனி சொல்லப் போகிறவற்றுக்கும் பதில்.

"அவர் போடாவிட்டால் இந்தப் படத்தை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்." உண்மை, ஒப்புக்கொள்கிறேன். 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டதிலிருந்து நம் பிள்ளைகளுக்குப் பழைய கப்பல்கள் மேல் ஓர் ஆசை வந்திருக்கிறது. அது நல்லது. வண்ணமேற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்ணமேற்றியது என்று படத்தின் மேலேயே எழுதுங்கள், மூலத்தை அதே அளவில் பக்கத்தில் வையுங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

"எங்கள் தாத்தா ஆல்பம், என்ன செய்தால் உனக்கென்ன?" சட்டப்படி எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கீழ்த்தளத்தில் நிற்பவர்கள் உங்கள் தாத்தா மட்டுமில்லை. நான் பார்த்த தனுஷ்கோடிக் கப்பல் படங்களில் பாதிக்கு மேல் துரைமார்கள் எடுத்தவை, இல்லையென்றால் ரயில்வே விளம்பரத்துக்கு எடுத்தவை. அவற்றில் கப்பல் அழகாக இருக்கும், ஆட்கள் எறும்பு போல இருப்பார்கள். மூட்டையோடு போனவர்கள் கையில் கேமரா இல்லை. ஒரு தமிழ் வீட்டு ஆல்பத்தில், கூட்டத்தின் முகம் தெரிகிற படம் கிடைப்பது எவ்வளவு அரிது தெரியுமா? அதில் நிற்பவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள். என் அம்மாவைப் போல யாரோ ஒருவர் அந்த முக்காடு போட்ட அம்மாளைத் தேடிக்கொண்டிருக்கலாம். நீங்கள் பகிர்ந்த முகத்தைப் பார்த்து அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

"வெள்ளைக்காரன் கப்பலுக்கு ஏன் இவ்வளவு அழுகை?" இதற்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

"வீட்டில் வைக்க இடமில்லை, செல்லரிக்கிறது, என்ன செய்வது?" இது நியாயமான கேள்வி, இதற்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். நம் ஊர் ஈரமும் வெயிலும் படங்களுக்குப் பகை, பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் பெரிய செலவு தேவையில்லை. தரையில் கிடக்கும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ஒட்டும் பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பம்தான் மிகப் பெரிய எதிரி, அந்தப் பசையே படத்தைத் தின்றுவிடும். பிவிசி உறைகளும் வேண்டாம், அமிலமில்லாத காகித உறை போதும். செலோடேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பேனாவால் பின்னால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும், மை ஊறும். மென்மையான பென்சில் போதும். நெகட்டிவ் சுருள்களில் வினிகர் வாடை வந்தால் அவற்றைத் தனியே பிரித்து வையுங்கள், கூட இருப்பவற்றையும் அது கெடுத்துவிடும். ஸ்கேன் செய்யும்போது குறைந்தது 600 டிபிஐ, ஓரம் வெட்டாமல், முன்னும் பின்னும், டிஃப் கோப்பாக. ஆல்பம் என்றால் படங்களைப் பிய்க்காமல் முதலில் பக்கம் பக்கமாக. வாட்ஸாப்பில் அனுப்பிய படத்தைப் பிரதி என்று நினைக்காதீர்கள், அது பாதிக்கு மேல் சுருங்கிப் போன படம்.

இதுவும் முடியாதா? கொடுப்பதற்கு இடம் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்து வைத்ததிலிருந்து வளர்ந்த இடம் அது. ஈழத்து ஆவணங்களுக்கு 'நூலகம்' என்ற நிறுவனம் 2005லிருந்து வேலை செய்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடி ஆவணப்படுத்தியது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னிடம் கேட்டிருக்கலாம்.

யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை ஒவ்வொரு ஜூன் மாதமும் எல்லோரும் எழுதுகிறோம், ஏறத்தாழ 97,000 நூல்கள் என்று. அழுகிறோம், அழ வேண்டியதுதான். அங்கே எரித்தவன் வேறொருவன். இங்கே நம் கையாலேயே கட்டித் தூக்கிக் கொடுத்துவிட்டு, கேட்டால் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக் குறிதான் நேற்றிலிருந்து நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது.

தம்பி, உங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. பழைய பேப்பர் கடைக்காரர்கள் சரக்கை அன்றைக்கே அனுப்பமாட்டார்கள், ஒரு லோடு சேரும்வரை வைத்திருப்பார்கள். எந்தக் கடை, என்றைக்குப் போட்டீர்கள் என்று மட்டும் உள்பெட்டியில் சொல்லுங்கள். நாளைக் காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.