எரர்பேஜ் எப்போதும் காப்பாற்றாது

ஜாவாவில் வலைப்பக்கங்களை உருவாக்கப் பயன்படும் ஜேஎஸ்பி (JSP) பற்றி, “ஜேஎஸ்பியில் எரர்பேஜ் (பிழை வந்தால் காட்டவேண்டிய பக்கம்) குறித்துவிட்டால் போதும், எந்த எக்செப்ஷன் (நிரல் ஓடும்போது எழும் பிழை) வந்தாலும் பயனருக்குப் பிழைப் பக்கம்தான் தெரியும்” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி.

ஜேஎஸ்பி தன் வெளியீட்டை முதலில் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) சேர்க்கிறது. இயல்பாக 8 கேபி. அது நிரம்பி பிரவுசருக்குப் போகும்போது ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் 200 என்ற ஸ்டேட்டஸும் கூடவே போய்விடும். அப்புறம் எக்செப்ஷன் வந்தால் பிழைப் பக்கத்துக்கு மாற வழியில்லை. நான் பராமரித்த ஓர் அறிக்கைப் பக்கத்தில் அட்டவணை நடு வரிசையில் அறுந்து நின்றது. அதையே முழுக் கணக்கென்று நம்பி ஒருவர் அச்செடுத்துவிட்டார். லாகில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) மட்டும் நல் பாயிண்டர் எக்செப்ஷன் (இல்லாத பொருளைப் பயன்படுத்த முயன்ற பிழை) கிடந்தது.

பஃபரைப் பெரிதாக்குவது ஒட்டுப்போடும் வேலை. தரவை செர்வ்லெட்டிலேயே (கோரிக்கையை முதலில் வாங்கும் ஜாவா நிரலிலேயே) முழுதாக எடுத்து முடித்துவிட்டு ஜேஎஸ்பிக்கு ஃபார்வர்டு செய்யுங்கள். தரவுத்தளப் பிழை, ஓர் எழுத்துகூட வெளியே போகும் முன்பே சிக்கிவிடும்.