வெள்ளித் துணிக்கைகளும் நம் கிணற்று நீரும்

அன்டிபயோட்டிக்குக்கு அடங்காத பக்டீரியாக்களை வெள்ளி நானோ துணிக்கைகளால், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வெள்ளித் துகள்களால், கொல்லலாம் என்று கூறும் கட்டுரை ஒன்றை மகிழ்ச்சியோடு வாசித்தேன். நீரிழிவால் காலில் ஆறாத புண்ணோடு அலைபவர்கள் யாழ்ப்பாணத்தில் வீதிக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பெரிய நம்பிக்கை.

ஆனால் "இதற்கு எதிர்ப்பு வளரவே வளராது" என்று எழுதியிருப்பதை ஏற்க முடியாது. துணிக்கை கலமென்சவ்வைச் சிதைக்கிறது, அதிலிருந்து வெளிவரும் வெள்ளி அயன்கள் (மின்னேற்றமுள்ள வெள்ளி அணுக்கள்) புரதங்களையும் தாக்குகின்றன. பல முனைத் தாக்குதல் என்பதால் எதிர்ப்பு வளர்வது கடினம், அவ்வளவுதான். 1975 இலேயே அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், ஒரு வைத்தியசாலையின் தீக்காயப் பிரிவில் வெள்ளி நைத்திரேற்று என்ற வெள்ளி மருந்துக்கு அடங்காத சல்மொனெல்லா பக்டீரியா பரவியது பதிவாகியிருக்கிறது. அது அம்பிசிலின் என்ற அன்டிபயோட்டிக்குக்கும் அடங்கவில்லை! அந்த எதிர்ப்பு மரபணுக்கள் இருந்தது பிளாஸ்மிட்டில், அதாவது பக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சிறிய டி.என்.ஏ வளையத்தில். அது ஒரு பக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது.

எனக்குப் பெரிய கவலை தண்ணீர்தான். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் மழைநீரைத்தான் குடிக்கிறோம். மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள். நாற்றம் போக்கும் காலுறைகளில்கூட வெள்ளி சேர்த்து விற்கிறார்கள். துவைத்த நீர் எங்கே போகும்? இந்தத் துணிக்கைகளை வைத்தியர் மேற்பார்வையில் தீக்காயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் மட்டும் ஒதுக்க வேண்டும். துணிக்கும் சவர்க்காரத்துக்கும் அனுமதிக்கவே கூடாது.