உதவுவது மட்டும்தானா நிறைவு?
உளவியல் வேலை பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அதன் நிறைவு 'பிறருக்கு உதவுவது' என்று சொல்கிறது. சரிதான், ஆனால் பாதிதான். ஆய்வு தரும் சிலிர்ப்பு வேறு. 1953-இல் மூளை அறுவை சிகிச்சைக்குப் பின் புதிய நினைவுகளைச் சேர்க்க முடியாமல் போன ஹென்றி மொலைசனை, உளவியலாளர் பிரெண்டா மில்னர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் மொலைசனின் கை நாளுக்கு நாள் தேறியது. முந்தின நாள் வரைந்ததோ அவருக்கு நினைவே இல்லை! நினைவு ஒரே வகை அல்ல என்பது அப்படித்தான் பிடிபட்டது. இந்த மாதிரி ஒன்று கண்ணில் படுமென்றால் வருடக்கணக்கில் தரவுகளோடு மல்லாடலாம்.

2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் பாதிக்கும் குறைவானவற்றிலேயே பழைய முடிவு கிடைத்தது. சிலருக்கு இது அவமானம். எனக்கென்னவோ, தன் கணக்கைத் தானே தணிக்கை செய்யும் துறை என்பதால் மரியாதை கூடுகிறது. சேர நினைப்பவர்கள் புள்ளியியலைக் கண்டு ஓடாமல் இருந்தால் சரி.